மருமகன் கட்டிய பெட்டு... மாமனார் டீமுக்கு 2 வருஷம் பூட்டு!

'பெட்டி கேஸ்' சிங்கத்தை சாய்த்தது எப்படி? ஒரு அலசல்

கடலூர்:

"பணம் வைத்து சூதாடிய 5 பேர் கைது. சீட்டுக்கட்டு, ரொக்கம் பறிமுதல்."

கடலூர் மாவட்ட செய்தியில் இந்த ரெண்டு வரி இல்லாத வாரம் அபூர்வம். பண்ருட்டி பக்கம் முந்திரிக்காடு, நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புத் தோட்டம், சிதம்பரம் பக்கம் வாய்க்கால் கரை என்று இடம்தான் மாறும். ஜீப் வெளிச்சத்தை பார்த்ததும் நாலு பேர் ஓடுவான், அஞ்சு பேர் மாட்டுவான். ஸ்டேஷனில் பேர், அப்பா பேர், ஊர் எழுதிக்கொண்டு ஜாமீனில் விட்டு விடுவார்கள். அப்புறம் ஒரு நாள் கோர்ட்டு, அபராதம், அதோடு சரி. போலீஸ்காரர் பாஷையில் இதற்கு பேர் 'பெட்டி கேஸ்'.

தமிழ்நாட்டில் இதற்கான சூதாட்ட சட்டம் 1930-ல் வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது. அதில் சீட்டாடி மாட்டியவனுக்கு சொல்லியிருக்கும் அபராதம் நூறு ரூபாய் கணக்கில்தான். இன்றைக்கு சில்வர் பீச்சுக்கு குடும்பத்தோடு போய் மீன் வறுவல் சாப்பிட்டாலே அதற்கு மேல் ஆகிவிடும்.

இப்படிப்பட்ட ஒரு சூதாட்ட புகாரில் சிக்கித்தான் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரெண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்தது. அணி முதலாளி கிரிக்கெட் வாரிய தலைவர் நாற்காலியை விட்டு இறங்கினார். சுப்ரீம் கோர்ட்டு உள்ளே புகுந்து வாரியத்தின் சட்ட திட்டத்தையே மாற்றி எழுத வைத்தது. பெட்டு கட்டிய விஷயம் இவ்வளவு தூரம் எப்படி போனது?

நள்ளிரவு கைது

2013-ம் ஆண்டு மே மாதம். முதலில் மாட்டியது ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர்கள். ஸ்ரீசாந்த், சண்டிலா, சவான் ஆகிய 3 பேரையும் டெல்லி போலீசார் 'ஸ்பாட் பிக்சிங்' புகாரில் தூக்கினார்கள். அந்த பரபரப்பு அடங்கும் முன்பே மும்பை போலீசார் இந்தி நடிகர் விந்து தாராசிங்கை கைது செய்தனர். அவர் போனை நோண்ட, அதில் வந்து நின்றது குருநாத் மெய்யப்பன் பெயர்.

குருநாத் யார்? ஏவி.மெய்யப்ப செட்டியாரின் பேரன். கிரிக்கெட் வாரிய தலைவராக இருந்த இந்தியா சிமெண்ட்ஸ் என்.சீனிவாசனின் மருமகன். மைதானத்தில் சென்னை அணி வீரர்களோடு உட்கார்ந்திருப்பார். ஏலத்தில் அணி சார்பாக மேஜை போட்டு உட்காருவார். ட்விட்டரில் தன்னை அணியின் 'பிரின்சிபால்' என்றே போட்டிருந்தார்.

மே 24-ந்தேதி மும்பை போய் இறங்கியவரை விசாரித்து, அன்றிரவே கைது செய்தார்கள். சூதாட்டம் மட்டும் அல்ல, மோசடி, போலி ஆவணம் என்று இந்திய தண்டனை சட்ட பிரிவுகளும் சேர்ந்து கொண்டன. ஜூன் 4-ந்தேதி ஜாமீன் கிடைத்தது. நடுவில் மே 26-ந்தேதி கொல்கத்தாவில் இறுதிப்போட்டி. சென்னை அணி மும்பையிடம் தோற்றது. அன்றைக்கு ஊரில் பாதி பேருக்கு தோற்றது பெரிய துக்கமாகவே தெரியவில்லை. டீக்கடையில் பேச்செல்லாம் மருமகனைப் பற்றித்தான்.

'அவர் சும்மா ஆர்வலர்'

இந்த வழக்கின் முடிச்சு விழுந்த இடம் பெட்டு அல்ல. கைது நடந்த அதே நாளில் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் விட்ட அறிக்கைதான். குருநாத் அணியின் உரிமையாளரும் இல்லை, தலைமை அதிகாரியும் இல்லை, பிரின்சிபாலும் இல்லை, நிர்வாக குழுவில் ஒரு கவுரவ உறுப்பினர், அவ்வளவுதான் என்றது அந்த அறிக்கை. கிரிக்கெட்டில் ஆர்வம் உள்ளவர் என்றும் விளக்கம் வந்தது.

ஆர்வலர் என்றால் மஞ்சக்குப்பம் மைதானத்தில் சாயந்திரம் வேடிக்கை பார்க்கிற அத்தனை பேரும் ஆர்வலர்தான். அவர்களை யாரும் வீரர்கள் அறைக்குள் விடுவதில்லை!

இந்த ஒரு வார்த்தையை சொல்லாமல், "ஆமாம், எங்க ஆள்தான், தப்பு செய்திருந்தால் சட்டப்படி நடவடிக்கை எடுங்க" என்று அன்றே ஒதுங்கியிருந்தால்? பஞ்சாயத்து வேறு மாதிரி போயிருக்கலாம். அணிக்கு ஒரு பெரிய அபராதத்தோடு கூட முடிந்திருக்கலாம். ஆனால் ஏன் அப்படி சொல்ல முடியவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது.

அணி வாங்கியவர்கள் வாரியத்தோடு ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அணியோ, உரிமையாளரோ போட்டியின் பெயர் கெடும்படி நடந்தால் உரிமத்தையே ரத்து செய்யலாம் என்று அதில் ஒரு விதி. 2008-ல் 9 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய அணி இது. அன்றைய கணக்கில் சுமார் 360 கோடி ரூபாய். குருநாத்தை 'எங்க ஆள்' என்று ஒத்துக்கொண்டால் அந்த விதி கழுத்துக்கு வரும். அதனால்தான் மருமகன் ஒரே நாளில் ஆர்வலர் ஆனார்.

வாரியமே ஒரு விசாரணை குழு போட்டது. ஓய்வு பெற்ற நீதிபதிகள் 2 பேர். ஜூலை மாத கடைசியில் 'தவறு நடந்ததற்கு ஆதாரம் இல்லை' என்று அறிக்கை வந்தது. வந்த வேகத்திலேயே, அந்த குழுவை அமைத்ததே சட்டப்படி செல்லாது என்று மும்பை ஐகோர்ட்டு அடித்து விட்டது. வழக்கு போட்டது பீகார் கிரிக்கெட் சங்கம். ஐ.பி.எல்.லில் ஒரு அணி கூட இல்லாத மாநிலம்!

செப்டம்பரில் மும்பை போலீசார் 22 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்கள். அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி முகுல் முட்கல் தலைமையில் தனி குழு போட்டது. 2014 பிப்ரவரியில் வந்த அறிக்கை 'ஆர்வலர்' கதைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. குருநாத் அணி நிர்வாகிதான், பெட்டு கட்டியதும் உண்மை, அணிக்குள் நடப்பதை வெளியே சொன்னதும் உண்மை என்றது.

இதில் ஒரு வேடிக்கை, அவர் பெட்டு கட்டி சம்பாதிக்கவும் இல்லை. 60 லட்சம் ரூபாய் வரை விட்டிருக்கிறார் என்ற பேச்சு பின்னாளில் தண்டனை விசாரணையிலும் வந்தது. விட்டாலும் பிடித்தாலும் பெட்டு பெட்டுதான் என்று கமிட்டி சொல்லிவிட்டது.

சிதம்பரத்து ராஜா வீட்டு கேஸ்

இந்த விவகாரத்தின் வேர் 2013-ல் இல்லை. 2008-ல் இருக்கிறது. அந்த வேரில் ஒரு நுனி சிதம்பரம் வரை ஓடுகிறது.

அண்ணாமலை பல்கலைக்கழகத்தை 1929-ல் தொடங்கியவர் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் என்பது சிதம்பரத்தில் ரிக்ஷா ஓட்டியவருக்கும் தெரியும். அவருடைய மகன்தான் எம்.ஏ.சிதம்பரம். சேப்பாக்கம் மைதானத்துக்கு இருக்கும் பெயர் அவருடையது. கிரிக்கெட் வாரிய தலைவராக இருந்தவர். அவர் மகன் ஏ.சி.முத்தையாவும் 1999 முதல் 2001 வரை அதே வாரியத்தின் தலைவராக இருந்தவர்.

2008-ல் ஐ.பி.எல். அணிகளை வாரியம் ஏலம் விட்டபோது அதே வாரியத்தின் பொருளாளர் சீனிவாசன். அணியை வாங்கிய கம்பெனியும் அவருடையது. கடையை ஏலம் விடும் கமிட்டியில் இருப்பவரே கடையையும் எடுத்த மாதிரி. 'வாரிய நிர்வாகிகள் கிரிக்கெட் வியாபாரத்தில் பங்கு வைக்கக்கூடாது' என்று 6.2.4 என்ற விதி இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் 'ஐ.பி.எல். போட்டிக்கு இது பொருந்தாது' என்று விதியை திருத்திக்கொண்டார்கள்.

இது தப்பு என்று கோர்ட்டுக்கு போனவர் ஏ.சி.முத்தையா. 2011-ல் சுப்ரீம் கோர்ட்டில் ரெண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னதால் விவகாரம் இழுத்துக்கொண்டே போனது. 'ரெண்டு பெரிய வீட்டு சண்டை, நமக்கென்ன' என்றுதான் அப்போது ஊர் நினைத்தது. அந்த நேரம் சென்னை அணி 2010, 2011 என்று வரிசையாக கோப்பை வாங்கிக்கொண்டிருந்தது. கோப்பை வரும்போது விதி எண்ணை யார் பார்ப்பார்கள்!

மருமகன் மாட்டியதும் பழைய ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. விசாரிக்க வேண்டிய வாரியத்தின் தலைவர் மாமனார். விசாரிக்கப்படும் அணியின் முதலாளி மாமனார். சிக்கியவர் மருமகன்.

2015 ஜனவரி 22-ந்தேதி நீதிபதிகள் டி.எஸ்.தாக்கூர், இப்ராகிம் கலிபுல்லா தீர்ப்பு சொன்னார்கள். 6.2.4 திருத்தம் செல்லாது. வியாபார பங்கு வைத்துக்கொண்டு வாரிய தேர்தலில் நிற்க முடியாது. ஒன்றை இங்கே நியாயமாக சொல்ல வேண்டும். சீனிவாசன் சூதாட்டத்தில் ஈடுபட்டதாக எந்த குழுவும் சொல்லவில்லை. மருமகனை காப்பாற்ற விசாரணையை மூடி மறைத்தார் என்ற புகாரும் நிரூபணம் ஆகவில்லை என்றே சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. குற்றம் அவர் மேல் விழவில்லை. ஆனாலும் நாற்காலி போனது. ரெண்டு நாற்காலியில் ஒரே நேரத்தில் உட்கார்ந்ததற்கு வந்த விலை அது.

ஜூலை 14

தண்டனையை முடிவு செய்யும் வேலை முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.எம்.லோதா கமிட்டிக்கு போனது. 2015 ஜூலை 14-ந்தேதி அதிரடி. குருநாத்துக்கும், ராஜஸ்தான் அணி பங்குதாரர் ராஜ் குந்த்ராவுக்கும் கிரிக்கெட்டில் ஆயுள் தடை. சென்னை, ராஜஸ்தான் ரெண்டு அணிகளுக்கும் 2 ஆண்டு தடை.

அடுத்த 11-வது நாள் இன்னொரு செய்தி. ஸ்ரீசாந்த் உள்பட 36 பேரையும் ஸ்பாட் பிக்சிங் வழக்கில் இருந்து டெல்லி கோர்ட்டு விடுவித்தது. ஆனால் வாரியம் அவருக்கு போட்ட தடை நீங்கவில்லை. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு வரை போய், ஆயுள் தடை 7 ஆண்டாக குறைந்து, 2020 செப்டம்பரில்தான் முடிந்தது.

இந்த ரெண்டையும் பக்கத்தில் வைத்து பார்த்தால் ஒரு விஷயம் புரியும். கோர்ட்டு தராசு வேறு, விளையாட்டு தராசு வேறு. கோர்ட்டுக்கு சட்டப்பிரிவு வேண்டும், சாட்சி வேண்டும், சந்தேகம் இல்லாமல் நிரூபிக்க வேண்டும். விளையாட்டு அமைப்புக்கு 'இந்த ஆளால் ஆட்டத்தின் பெயர் கெட்டதா' என்பது போதும். வழக்கு நடக்கும் முன்பே தண்டனை முடிந்துவிடும்.

வெளிநாட்டிலும் இப்படி ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் என்ற பிரபல கால்பந்து அணி. அந்த ஊர் கால்பந்து, கையில் பந்தை தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதன் முதலாளி ராபர்ட் கிராப்ட் மீது 2019-ல் புளோரிடா போலீசார் வழக்கு போட்டார்கள். மசாஜ் பார்லருக்கு போய் பணம் கொடுத்து தகாத உறவு வைத்தார் என்று 2 சிறு குற்ற வழக்குகள். அங்கேயும் அது பெட்டி கேஸ்தான். குற்றத்தை அவர் மறுத்தார், ஆனால் மன வருத்தம் ஏற்படுத்தியதற்கு ரசிகர்களிடம் பகிரங்கமாக மன்னிப்பு கேட்டார். ரகசிய கேமராவில் எடுத்த வீடியோ செல்லாது என்று கோர்ட்டு சொல்ல, 2020-ல் வழக்கே வாபஸ் ஆனது. அணி அவரிடமே இருக்கிறது. ஊர் சிரித்தது, அதோடு முடிந்தது.

நம் ஊரில் ஷாருக்கான். கொல்கத்தா அணி முதலாளி. 2012-ல் வான்கடே மைதானத்தில் காவலாளிகளோடு தகராறு. மும்பை கிரிக்கெட் சங்கம் 5 ஆண்டு உள்ளே வரக்கூடாது என்றது. 2015-ல் தடையை எடுத்து விட்டார்கள். அணிக்கு ஒரு கீறல் இல்லை.

அவர்களுக்கு ஒரு நியாயம், சென்னைக்கு ஒரு நியாயமா என்று ரசிகர்கள் கேட்டார்கள். கேள்வியில் வேகம் இருக்கிறது, ஆனால் ஒரு வித்தியாசத்தை விட்டுவிட்டார்கள். அவர்கள் செய்தது ஆட்டத்துக்கு வெளியே. குருநாத் செய்தது ஆட்டத்துக்கு உள்ளே. அணியின் அறையில் உட்கார்ந்திருப்பவர் அதே ஆட்டத்தின் மேல் பெட்டு கட்டினால், டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவன் பார்ப்பது ஆட்டமா, நாடகமா என்ற சந்தேகம் வந்துவிடும். அந்த சந்தேகம்தான் 2 வருஷம்.

நஷ்டம் யாருக்கு?

2016, 2017. மஞ்சள் சட்டை இல்லாத ரெண்டு கோடை. டோனி புனே அணிக்கு போனார், ரெய்னா குஜராத்துக்கு போனார். பெரிய வீரர்கள் யாருக்கும் சோறு கெடவில்லை. சேப்பாக்கம் வாசலில் சட்டையும் ஊதலும் விற்றவர்கள், முகத்தில் வர்ணம் அடித்து விட்டவர்கள், ஆட்ட நாளை நம்பி தள்ளுவண்டி போட்டவர்கள் எந்த கமிட்டி அறிக்கையிலும் வரவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நொந்து போன கடலூருக்கு அடுத்த கோடையில் கிரிக்கெட்டும் இல்லை என்பது சின்ன விஷயம்தான். ஆனால் சாயந்திரம் வேலை முடிந்து டி.வி. முன்னால் உட்காருகிறவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. அந்த 2016-ல்தான் டி.என்.பி.எல். போட்டி தொடங்கியது என்பது ஒரு ஆறுதல்.

2018-ல் திரும்பி வந்தபோது சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டம். காவிரி போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். ஆட்டத்தின் நடுவே செருப்பு பறந்தது. மற்ற ஆட்டங்கள் புனேவுக்கு போயின. ரசிகர்கள் சிறப்பு ரெயில் ஏறி பின்னாலேயே போனார்கள். கடைமடையில் தண்ணீருக்கு ஏங்கும் சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் விவசாய வீட்டு பையனுக்கு அந்த ஏப்ரல் பெரிய தர்மசங்கடம். அப்பா மறியலில், மகன் ஸ்கோரில்! அந்த வருஷம் கோப்பையும் சென்னைக்குத்தான். பிறகு 2021, 2023.

அணியின் பெயர் மீண்டு விட்டது. 2015-லேயே அணியை தனி கம்பெனியாக பிரித்து விட்டார்கள். பெண்ணாடத்தை தாண்டினால் வரும் தளவாய் ஆலை உள்பட இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் கைக்கு மாறியபோது, அணி அதோடு போகவில்லை. மாமனாரிடம் இருந்து சிமெண்டு போனது, சிங்கம் போகவில்லை. மருமகனின் ஆயுள் தடைக்கு மட்டும் வருஷ கணக்கு கிடையாது.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம்

இவ்வளவும் பெரிய வீட்டு கதை. சின்ன வீட்டில் என்ன நடக்கிறது?

முந்திரிக்காட்டில் மாட்டிய 5 பேரில் ஒருத்தனுக்கு வயது 21 என்று வைத்துக்கொள்ளுங்கள். அபராதம் கட்டியாச்சு. ரெண்டு வருஷம் கழித்து போலீஸ் தேர்வு எழுதுகிறான், ஓட்டத்திலும் கயிறு ஏறுவதிலும் தேறுகிறான். விண்ணப்பத்தில் 'உங்கள் மீது வழக்கு ஏதும் உண்டா' என்று ஒரு கட்டம். 'நூறு ரூபாய் கேஸ்தானே, யாருக்கு தெரியப்போகுது' என்று 'இல்லை' போடுகிறான். விசாரணைக்கு ஆள் வந்ததும் ஸ்டேஷன் ரிக்கார்டில் இருந்து பழைய பெயர் எழுந்து வருகிறது. வேலை கோவிந்தா!

2016-ல் அவதார் சிங் என்பவர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதற்கு ஒரு அளவுகோல் சொன்னது. வழக்கு அற்பமானது என்றால், அதை வேலை கொடுப்பவர் மன்னித்து விடலாம். உண்மையை சொல்லியிருந்தாலும் எடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் பரிசீலிக்கலாம். தெரிந்தே மறைத்தால் அந்த மறைப்பே வேலையை விட்டு நீக்க போதுமான காரணம் ஆகலாம்.

சென்னையில் 'ஆர்வலர்' என்ற வார்த்தை செய்த வேலையை இங்கே 'இல்லை' என்ற வார்த்தை செய்கிறது. ஒரு வித்தியாசம், அங்கே ரெண்டு வருஷத்தில் கதவு திறந்தது. இங்கே வயது வரம்பு தாண்டினால் கதவே கிடையாது.

முந்திரிக்காடு இப்போது செல்போனுக்குள் வந்துவிட்டது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டு தடை செய்தது. நடத்துகிறவனுக்கு 3 ஆண்டு வரை ஜெயில், ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுகிறவனுக்கு அந்த சட்டத்தில் தண்டனை இல்லை. ஆனால் மாநிலத்தின் 2022-ம் ஆண்டு சட்டத்தில், ஆன்லைன் சூதாட்டம் ஆடுகிறவனுக்கும் 3 மாதம் வரை ஜெயில் என்று இருக்கிறது. 'ஆப்பில் ஆடினால் கேஸ் வராது' என்று சொல்லி பணம் கட்ட வைக்கிறவர்கள் இந்த ரெண்டாவது சட்டத்தை சொல்வதே இல்லை. பழைய 1930 சட்டம் சீட்டுக்கட்டுக்கு அப்படியே இருக்கிறது.

அபராதம் கட்டிய ரசீதையும், வழக்கு முடிந்த உத்தரவின் நகலையும் பத்திரமாக வைத்திருங்கள், விண்ணப்ப கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்பதுதான் கடலூர் கோர்ட்டு வளாகத்தில் எந்த வக்கீலை கேட்டாலும் கிடைக்கும் முதல் யோசனை. நகலுக்கு மனு போட ஆகும் செலவு, கட்டிய அபராதத்தை விட கூட வரலாம்.